நொட்டாங்கைக் கத்தி

மாசித் தேர் பார்க்க மாத்தளைக்கு வந்திருந்தபோது நீங்கள் நாலைந்து பேர் அலுவிகாரையில் என் வீட்டுக்கும் வந்து, ஆளுக்கொரு கத்தி எடுத்துக்கொண்டு போனீர்கள். போகும்போது கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். உன் அப்பா அடித்த கத்தி ஒவ்வொன்றிலும் நம்பர் இருக்குமே, உன் கத்தியில் ஏன் ஒன்றுமே இல்லை? கையில் முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு நின்று பதில் சொல்கிற விஷயம் அல்ல அது. சிரித்து மழுப்பி உங்களை பஸ் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதனால் எழுதியே தொலைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, என் அண்ணன் செய்தான் என்று தோட்டமே பேசியதே ஒரு நொட்டாங்கைக் கத்தி, அதை அண்ணன் செய்யவில்லை. நான் செய்தேன். நீங்களும்தான் அண்ணனைப் புகழ்ந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. என் வீட்டிலேயே அப்படித்தான் பேசினார்கள்.

நம் தோட்டம் யட்டவத்தைக்கு மேலே எங்கே இருந்தது, எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் யார் குடியிருந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அப்பாவின் பட்டறைக்குள் மட்டும் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால், விறகு அடுக்கும் கொட்டகையை ஒட்டி, தகரம் போட்ட ஒற்றை அறை அது. உள்ளே போனால் சிரட்டைக் கரியும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. ஸ்டோரிலிருந்து வரும் தேயிலை வாசனைகூட அந்த வாசலோடு நின்றுவிடும்.

சுவரில் ஒரு பலாப்பலகை தொங்கியது. கவ்வாத்துக் கத்தியின் உருவத்தில் வெட்டிய பலகை. எந்தக் காலத்துத் துரை கொடுத்த அளவோ தெரியாது. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற கத்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதுதான் சட்டம். அப்பா அடித்த ஒவ்வொரு கத்தியையும் அதன்மேல் வைத்துப் பார்ப்பார். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் கத்தி திரும்ப உலைக்குள் போகும். சரியாக வந்தால், எந்த ஆளுக்கு அது போகிறதோ அவருடைய செக்ரோல் நம்பரை, சம்பளப் புத்தகத்தில் இருக்கிற நம்பரை, பிடிக்குப் பக்கத்தில் அடித்துவிடுவார். அதற்குத் தடித்த ஆணி மாதிரி ஒன்பது அச்சுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. ஆறைத் தலைகீழாக வைத்தால் ஒன்பது. அதை நானே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து அப்பாவிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஏழாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கொழுந்து பறிக்கப் பேர் பதிய இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று கங்காணி சொல்லியிருந்தார். அண்ணன் மட்டும் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கள் லயத்திலேயே விளக்கு வைத்ததும் புத்தகத்தை எடுக்கிற ஒரே ஆள் அவன்தான். வாத்தியார் ஆக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. சனி ஞாயிறுகளில் அப்பா அவனைப் பட்டறைக்குக் கூப்பிட்டு சுத்தியலைக் கொடுப்பார். அண்ணன் அடித்தால் இரும்புக்கும் வலிக்காது, அடியில் இருக்கிற பட்டடைக்கும் வலிக்காது. அவன் மனசு அங்கே இல்லை. ஊதுசக்கரத்தைச் சுற்ற ஆள் வேண்டுமே என்றுதான் நான் அங்கே இருந்தேன். சுற்றுகிறவளுக்குக் கைதான் வேலை செய்யும், கண்ணுக்கு வேலை இல்லை. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரும்பு எந்த நிறத்தில் இளகும், எந்த நிறத்தில் பொரிந்து கெட்டுப்போகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கவ்வாத்து தொடங்கியது. மழை வருவதற்கு முன் ஒரு மலை முழுக்க வெட்டி இறக்க வேண்டும். காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு முன்னாலேயே ஆட்கள் கத்தியோடு பட்டறை வாசலில் நிற்பார்கள். அந்த வரிசையில் தினமும் கடைசியில் நிற்பவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவர் நொட்டாங்கைக்காரர். சோறு மட்டும் வலது கையில் சாப்பிடுவார், அதுவும் அம்மா சின்ன வயதில் அடித்துப் பழக்கியது. மற்ற எல்லாமே இடது கைதான்.

அந்தக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை. மறுபக்கம் தட்டையாக இருக்கும். வலது கைக்காரர் இழுத்தால் கொப்பு சரிவாக, வழவழவென்று வெட்டுப்படும். அதே கத்தியை இடது கையில் பிடித்தால் அலகு வெளியே ஓடும், பட்டை நார்நாராகக் கிழியும். கிழிந்த கொப்பில் தண்ணீர் தங்கி அழுகிப்போகும். மாமா நாள் முழுக்க மற்றவர்களைவிட அதிகமாகத்தான் வெட்டுவார். சாயந்தரம் கங்காணி வந்து அவருடைய நிரையைப் பார்த்துவிட்டு அரைப்பேர் போடுவார். முழு நாள் வேலைக்குப் பாதி நாள் பேர்.

"கத்தி சரியில்ல மச்சான்," என்று மாமா அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"கத்தி சரியாத்தான் இருக்கு. பலகைல வச்சுக் காட்டவா? ஒன்னோட கைதான் சரியில்ல," என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லவில்லை. பலகையில் வைத்தால் கத்தி சரியாகத்தான் இருந்தது. மாமா அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் திருத்த முடியாது, கத்தியைத் திருத்தலாமே என்று அங்கேயே கேட்டிருப்பேன். கேட்டால் அடி விழும்.

அன்று சாயந்தரம் அம்மா ரொட்டிக்கு மா பிசைந்து வைத்திருந்தாள். மாமா எங்கள் காம்பராவுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார். நான் ஒரு உருண்டை மாவை எடுத்து அவர் இடது கையில் வைத்து, கத்தி பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவரும் பிடித்தார். கையைத் திறந்தபோது மாவில் நாலு விரலும் பெருவிரலும் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தன. சுண்டுவிரல் பள்ளம் மற்றவற்றைவிட ஆழமாக இருந்தது. அவர் பாரத்தையெல்லாம் அங்கேதான் கொடுத்திருக்கிறார். அந்த மாவை அப்படியே அடுப்போரம் காயவைத்து ஒளித்துக்கொண்டேன்.

"சாப்பிடுற மாவ வச்சு என்னடி வெளையாட்டு? ஒரு ரொட்டி கொறையுதே, யாருக்குக் கொறைக்கிறது?" என்று அம்மா சத்தம் போட்டாள். எனக்குத்தான் குறைந்தது.

காலை பிரட்டு முடிந்ததும் அப்பாவை ஸ்டோருக்குள் ரோலர் பார்க்கக் கூப்பிட்டுவிடுவார்கள். சோற்று நேரம் வரை திரும்ப மாட்டார். உலையில் நெருப்பு இருக்கும், நான் இருப்பேன். லொறிக்கு அடியில் இருக்கிற வில்லுப்பட்டையின் ஒடிசல்கள் மூலையில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்தேன். முதல் கத்தியை அடித்து முடித்துத் தண்ணீரில் தோய்த்ததும் டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். எடுத்துப் பார்த்தால் மயிரிழை அளவுக்கு வெடிப்பு. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதைத் தண்ணீரில் போடாமல், ஸ்டோர் எஞ்சினிலிருந்து கழித்த எண்ணெயில் இறக்கினேன். புகை கண்ணைக் கரித்தது, சத்தம் வரவில்லை. சாணையை மறுபக்கம் வைத்தேன். மூக்கைப் பலகையில் இருப்பதைவிட ஒரு விரல் அதிகமாக வளைத்தேன். பிடியைக் கொய்யாக் கட்டையில் செதுக்கி, காய்ந்த மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளத்துக்குப் பள்ளம் பார்த்து இழைத்தேன். பலகையில் வைத்துப் பார்த்தேன். எந்த இடத்திலும் ஒட்டவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அதுவரை எனக்கென்று நான் தீர்மானித்த விஷயம் ஒன்றுகூட இருந்ததில்லை, தலைப்பின்னல்கூட அம்மா போடுவதுதான்.

நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், சண்டை வந்துவிடும் என்று. மாமா வரும் வழியில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் எடுத்தார். இடது கையில் பிடித்தார். இரண்டு தரம் காற்றில் இழுத்துப் பார்த்தார்.

"யாரு புள்ள செஞ்சது?"

"நாந்தான் மாமா."

அவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். "சரி, வாயத் தொறந்துறாத," என்றார்.

அன்று அவருக்கு முழுப்பேர் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. நான்காம் நாள் கங்காணி அந்தக் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். அது அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அப்பா யாரையும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த இரண்டு வெடித்த கத்திகளையும், என் கையில் இருந்த தீப்புண்ணையும் பார்த்தார். பெல்ட்டை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் பிஸ்கட் டின்னை எடுத்து, மாமாவின் நம்பரை அந்தக் கத்தியில் அடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். அதையே நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆயுத பூசைக்கு வழக்கம்போல் ஸ்டோரைக் கழுவி, ரோலருக்கும் எஞ்சினுக்கும் பொட்டு வைத்தார்கள். கவ்வாத்துக் கத்திகளை எல்லாம் வாழையிலைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரு பக்கம் பார்க்க, ஒன்று மட்டும் மறுபக்கம் வளைந்து கிடந்தது. டீமேக்கர் குனிந்து அதை எடுத்தார். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்கு அடுத்தபடி ஸ்டோரில் அவர்தான் எல்லாம். பிடியில் அவர் விரல் பொருந்தவில்லை, வலது கைக்காரர். இடது கைக்கு மாற்றினார். முகம் மாறியது.

"இது யாரு செஞ்சது?"

ஆட்கள் நடுவில் அப்பா நின்றார், அவருக்குப் பின்னால் மாமா, பெண்கள் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான். சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மூத்தவன் செஞ்சதுங்க," என்றார் அப்பா.

அண்ணன் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். மாமா மேலே பந்தலைப் பார்த்தார். ஒரு சின்னப் பெண் செய்த கத்தியால்தான் தனக்கு முழுப்பேர் விழுந்தது என்று தெரிந்தால் மலையில் அவரைச் சிரித்தே கொன்றிருப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அவல், கடலை கொடுத்தார்கள், வாங்கித் தின்றேன். அந்தக் கடலையின் உப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"தோட்டத்து இரும்பு, தோட்டத்துக் கரி. பொம்பளப் புள்ளய வச்சு வேல வாங்குறேன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா என்னய வெரட்டிருவாங்க. போ," என்றார். அம்மா அதோடு விடவில்லை. "இன்னைக்கோ நாளைக்கோ வயசுக்கு வந்து ஒக்காரப்போற புள்ள. ஒல முன்னால நின்னு மூஞ்சி கருத்துக் கெடக்கு. இத வேற ஊருக்குச் சொல்லணுமா?" என்றாள்.

டீமேக்கர் அதோடு நிற்கவில்லை. அந்தப் பையன் கையால் இன்னும் பன்னிரண்டு கத்தி வேண்டும், கவ்வாத்துக் கத்தி இல்லை, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகிற மாதிரி அவனுக்குப் பிடித்த உருவத்தில் செய்யட்டும், பெரிய துரை பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அண்ணனால் ஆணியைக்கூட நேராக அடிக்க முடியாது. வேறு வழி இல்லாமல் என்னைப் பார்த்தார்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கே கசப்பாக இருக்கிறது. என் ஆயுசில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஆறு வாரம்தான். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு நான் அடித்தேன். அண்ணன் வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்து, யாராவது வந்தால் இருமுவான். அப்பா சம்மட்டி போட்டார். நான் காட்டுகிற இடத்தில், நான் சொல்கிற பாரத்தில், அப்பா சம்மட்டி போட்டார். பலகையைச் சுவரிலிருந்து கழற்றி வைக்கச் சொன்னேன், கழற்றினார். மிளகுக் கொடி அறுக்க நகம் மாதிரி ஒன்று, கொக்கோக் காய் பிளக்க வயிறு பருத்த ஒன்று, மீனுக்கு வளைந்து கொடுக்கிற மெல்லிய ஒன்று. ஒன்று போல இன்னொன்று இல்லை. என் பெயர் வெளியே வரப்போவதில்லை என்பதால் கெட்டுப்போனாலும் எனக்கு அவமானம் இல்லை. அதனால் பயமே இல்லாமல் அடித்தேன். பேர் இல்லாத இடத்தில்தான் எனக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தது. இது என்ன நியாயம் என்று உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

ஒருநாள் அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஒனக்குக் கோவமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்குப் பயமா இருக்கு," என்றான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் மீன் கத்தி இருந்தது.

அண்ணன் தோட்டத்தில் பேர் பதியாதவன் என்பதால், பன்னிரண்டிலும் அப்பா தன் நம்பரையே அடித்துக் கொடுத்தார். பெரிய துரைக்குப் பிடித்துவிட்டது. மாத்தளை டவுனில் அவருக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு அண்ணனுக்கென்று கடிதம் கொடுத்தார். அவ்வளவு பெரிய ஆள் கடிதம் கொடுத்தால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அண்ணன் அப்பாவிடம் அழுதான். இன்னும் ஒரு வருஷம், சோதனை எழுதிவிட்டுப் போகிறேன் என்றான்.

"எத்தன பேருக்கு இப்புடிக் கெடைக்கும்? வாத்தி வேல எங்கயும் ஓடிறாது," என்றார் அப்பா. அண்ணனுடைய புத்தகங்களை அம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அந்தப் பெட்டி பிறகு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை.

புதிதாக வருகிறவனைப் பட்டறையில் முதலில் கூட்டவும் கரி அள்ளவும்தான் வைப்பார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் பெரிய மிஷினிடம் விடுவார்கள். அண்ணன் புதிதாக வருகிறவன் இல்லையே. பன்னிரண்டு கத்தி செய்த கைக்காரன். போன முதல் வாரமே மிஷின் சுத்தியலுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். தெரியாது என்று சொல்ல அவனால் முடியவில்லை. சொன்னால் அப்பாவின் பொய் வெளியே வரும். மூன்றாம் மாதம் வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூட்டி வந்த மத்தியானம் மழை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். என் கையால் செய்த சின்னக் கத்தி அது, பன்னிரண்டில் சேராத பதின்மூன்றாவது. நான் உள்ளே வந்ததும் எழுந்து வந்தாள்.

"ஒன்னோட கை நல்லாத்தான் இருக்கு. அவன் கையப் பாரு," என்றாள். பிறகு அந்தக் கத்தியை என் கையிலேயே வைத்து, விரல்களை மடக்கி அழுத்தினாள். கீழே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராகப் போன கத்தி அது ஒன்றுதான். தெரிந்தே செய்தாள். அதற்குப் பிறகு அவள் சாகும்வரை எனக்கும் அவளுக்கும் சரிப்பட்டு வரவே இல்லை.

அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். இப்போதாவது, இந்தக் காம்பராவுக்குள்ளாவது, ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். பொய் சொன்னது நான், புள்ள இல்ல என்று. அவர் பீடியைப் பற்றவைத்தார். அடுத்த திங்கட்கிழமை என்னைப் பிரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போய்ப் பேர் பதிந்துவிட்டார். கூடையும் இடுப்பில் கட்டுகிற படங்கும் கொடுத்தார்கள். ஒரு நம்பரும் கொடுத்தார்கள். பட்டறைப் பக்கம் இனிமேல் உன்னைப் பார்க்கக்கூடாது என்றார். அந்தச் சின்னக் கத்தியை அன்றே எங்கோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். மாமாவின் நொட்டாங்கைக் கத்தியை அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறும்போது கொண்டுபோனாரா, ஸ்டோரில் ஒப்படைத்தாரா, அதுவும் தெரியாது.

அப்பா என் கையைத் திருடி அண்ணனுக்குக் கொடுத்தார் என்றே நெடுங்காலம் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இந்த வயதில் யோசித்தால் அதுகூட இல்லை. அவர் எங்கள் இரண்டு பேரையும் ஆள் மாற்றிப் போட்டுவிட்டார். படிக்க வேண்டியவனை நெருப்புக்கு அனுப்பினார், நெருப்புக்குப் பிறந்தவளைக் கொழுந்துக்கு அனுப்பினார். இரண்டையும் பாசத்தில் செய்ததாகத்தான் அவர் நம்பியிருப்பார். ஆபீசுக்குப் பயந்தது உண்மை. ஆனால் டீமேக்கர் உண்மையைக் கேட்டிருந்தால் விரட்டியிருப்பாரா, சிரித்துவிட்டுப் போயிருப்பாரா என்று இனி யாரிடம் போய்க் கேட்பது.

முப்பத்தாறு வருஷம் கொழுந்து பறித்தேன். கல்யாணம், பிள்ளைகள், புருஷன் சாவு எல்லாம் அதற்குள்ளேயே வந்து போயின. மகன் அலுவிகாரையில் ரோட்டோரம் வீடு எடுத்ததும் அவனோடு வந்துவிட்டேன். அப்பா செத்தபோது எனக்கு வந்தது அந்த பிஸ்கட் டின் ஒன்றுதான். வந்த இரண்டாம் மாதம் வீட்டுக்குப் பின்னால் ஒரு பீப்பாயை வெட்டி உலை போட்டேன். மாமியாருக்குப் பைத்தியம் என்று மருமகள் பக்கத்து வீட்டில் சொன்னாள். முதல் நாள் சுத்தியல் பிடித்தபோது அடி குறி தப்பியது, பத்தாம் நாள் தப்பவில்லை. பலகை கிலகை எதுவும் நான் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது வந்து கத்தி கேட்டால் ஒரு உருண்டை களிமண்ணைக் கொடுத்துப் பிடித்துக் காட்டச் சொல்வேன். உங்களிடமும் கொடுத்தேன். மண்ணை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

அண்ணனும் இப்போது எங்களோடுதான். வாத்தியார் ஆகவில்லை. கடைகளில் கணக்கு எழுதினான், காவல் வேலை பார்த்தான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் மேசை போட்டு, மிஞ்சிய கத்திகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வருகிறவர்கள் அவனுடைய வலது கையைப் பார்ப்பார்கள். இரண்டு விரல் இல்லாத கையைப் பார்த்ததும் அவர்களுக்கு மரியாதை வந்துவிடும். "பாஸ், கையப் பாத்தாலே தெரியுது, பழைய வேலக்காரர்," என்பார்கள். அண்ணன் ஆமாம் என்றும் சொல்ல மாட்டான், இல்லை என்றும் சொல்ல மாட்டான். பின்னால் நின்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் வந்து போன அடுத்த வாரம் ஒரு ஆள் வந்தார். தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல்காரராம், நம்ம தோட்டப்பக்கத்துப் பேச்சு. மேசையில் இருந்த இறைச்சிக் கத்தி ஒன்றை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. நகத்தில் வைத்துப் பார்த்தார், முழங்கை மயிரில் ஓட்டிப் பார்த்தார். வேலை தெரிந்த ஆள். நான் வீட்டு இடுக்கில் கரி அள்ளிக்கொண்டிருந்தேன்.

"என்னா வேல பாஸ் இது. எத்தன வருஷமாச் செய்யிறீங்க?"

அண்ணன் மேசையில் இருந்த காகிதத்தை எடுத்து நீவினான். பிறகு சொன்னான். "நான் செய்யிறதில்லீங்க. தங்கச்சி செஞ்சது. மொதல்ல இருந்தே அவதாங்க."

கரிக்கூடை என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆள் சிரித்தார். "பகிடி விடாதீங்க பாஸ்."

"நெசமாத்தாங்க."

அவர் சிரிப்பு நின்றது. கத்தியைத் திரும்பப் பார்த்தார். இவ்வளவு நேரம் பார்த்த அதே கத்தியைத்தான், இந்தத் தரம் குறை தேடிப் பார்த்தார். "பொம்பள செஞ்சதா? ஹோட்டல் வேல பாஸ், ஒரு நாளைக்கு எத்தன கிலோ வெட்டணும். எலும்புல பட்டா தாங்குமா?" என்று சொல்லி மேசையில் வைத்தார். "நீங்க செஞ்சது ஒண்ணும் இல்லியா?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் இடுக்கில் நிற்பது அவனுக்குத் தெரியும். நான் வந்து பேசியிருக்கலாம். எலும்பு கொண்டுவாருங்கள், வெட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பூசையன்று பெண்கள் வரிசையில் நின்ற மாதிரியே நின்றேன்.

"சும்மா சொன்னேங்க," என்றான் அண்ணன். "நான் செஞ்சதுதான்."

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே," என்று அந்த ஆளுக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் கத்தியைக் காகிதத்தில் சுற்றி, கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தான். அவர் எடுத்துக்கொண்டு போனார்.

வேன் போன பிறகு அண்ணன் எழுந்து வந்தான். "நான் மொதல்ல நெசத்தத்தானே சொன்னேன்," என்றான். வயசான ஆள், கண் கலங்கியிருந்தது.

"சொன்னீங்கண்ணே. ஒரு தரம் சொன்னீங்க."

"ஒனக்குக் கோவமா?"

"இல்ல," என்றேன். அது பொய்.

ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். அது ஒரு கத்தி விலைபோகிற நேரம்கூட நிற்கவில்லை. பின்னால் போய் உலையை ஊதினேன். பிஸ்கட் டின் உலைக்குப் பக்கத்திலேயே மாடத்தில் இருக்கிறது. துரு ஏறாமல் அச்சுகளுக்கு எண்ணெய் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், ஒன்பதும் இருக்கின்றன. அப்பாவின் நம்பர் எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு நம்பர் இருந்தது, கொழுந்து நிறுக்கும்போது கூப்பிட்ட நம்பர். அண்ணனுக்கு நம்பரே கிடையாது, கைதான் இருக்கிறது.

கேட்டீர்களே, சொல்லுங்கள். நான் எந்த நம்பரை அடிப்பது?